யாரும் வலை போடாத இடம்

அவளுக்கு ஐஸக்கா என்று யார் பேர் வைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. படகுகள் கரையேறும் இடத்துக்கும் ஏலக்கூடத்துக்கும் நடுவே அவளுடைய தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே மரத்தூளில் புதைத்து அடுக்கிய ஐஸ் பாளங்கள், அவற்றை நொறுக்கித் தூளாக்கும் ஒரு பழைய இயந்திரம், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டிகள் சில. கடலுக்குப் போகிற படகு எதுவானாலும் முதலில் அந்த வாசலில் பெட்டியை வைத்து ஐஸ் நிரப்பிக்கொண்டுதான் போகும். அதனால் யார் எந்தப் பக்கம் போகிறார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டில் நேற்று பாத்திரம் பறந்தது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

வாய் ஓயாது. புதிதாகக் கல்யாணமான ஒருவன் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "என்ன மாப்பிள்ளை, இது மீனுக்கா? இல்ல, வீட்டுல இடம் இல்லாம நீங்களே படுத்துக்கவா?" என்பாள். வாங்கிக் கட்டிக்கொண்டவனும் சிரித்துக்கொண்டுதான் போவான்.

அவள் புருஷன் நண்டுக்காரர். ஆழமில்லாத தண்ணீரில் கூடு வைத்து நண்டு பிடிப்பார். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. "சரி" என்பார், அல்லது தலையாட்டுவார். பிள்ளைகள் இல்லை. அம்மா போனபின் அவள் தூக்கி வளர்த்த தம்பி ஒருவன் இருந்தான். சொந்தமாகப் படகு வைத்து, கல்யாணமும் ஆகி, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான்.

இவர்கள் எல்லாரும் பிழைத்தது ஒரு குடாவை நம்பி. அந்தக் குடாவின் உட்பகுதி இடுப்பளவு தண்ணீரும் கடல்புல்லும் அலையில்லாத அமைதியுமாக, மடியில் ஏந்தியது போல ஒதுங்கிக் கிடக்கும். அதற்கு உள்மடி என்று பேர். மீனும் நண்டும் சினை வைப்பது அங்கேதான். எளிதாக வலை வீசக்கூடிய இடமும் அதுதான். காற்று பலமாக இருந்தாலும் உள்மடிக்குள் போய்ச் சின்னக் கண்ணி வலையை இழுத்துவிட்டு வந்துவிடலாம். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். விரல்நீளக் குஞ்சுகூட மிஞ்சவில்லை. ஒரு கட்டத்தில் படகுகள் பெட்டி நிறைய ஐஸோடு போய், அந்த ஐஸ் உருகிய தண்ணீரோடு திரும்பி வந்தன.

அந்தச் சமயத்தில்தான் மீன்வளத்துறையிலிருந்து புது அதிகாரி வந்தாள். சின்ன வயசு. வெயிலில் தொப்பி இல்லாமல் நடப்பாள். எல்லாரும் மேடம் என்றார்கள். ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டாள்.

"இதுவரைக்கும் சட்டம் நாங்க போட்டோம், நீங்க கேக்கலை" என்று ஆரம்பித்தாள். "இனிமே அப்படி இல்ல. உங்க ஆளுங்களும் எங்க ஆளுங்களும் ஒரே குழுவா உக்காந்து முடிவெடுப்போம். எந்த இடத்துல பிடிக்கலாம், எப்பப் பிடிக்கலாம், எந்த வலை கூடாது, எல்லாம் சேர்ந்துதான். பாதி நிர்வாகம் உங்க கையில, பாதி எங்க கையில."

"எந்தப் பாதி மேடம்? தலையா, வாலா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். கூடம் அதிரச் சிரித்தது. மேடமும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கரைக்காரர்கள் கொஞ்சம் இளகினார்கள்.

குழுவுக்குத் தலைமை யார் என்று வந்தபோது படகுக்காரர்களுக்குள் இழுபறி. ஒருவரை வைத்தால் இன்னொருவர் முறைப்பார். கடைசியில், சொந்தப் படகே இல்லாத, எல்லாப் படகையும் தெரிந்த ஐஸக்காவையே போடலாம் என்று முடிவானது. "ஐயோ, எனக்கு என்னப்பா தெரியும், உருகற சாமானை வித்துக்கிட்டு இருக்கேன்" என்று அவள் சொன்னாலும், அன்று வீட்டுக்குப் போனபோது நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

குழு எடுத்த முதல் முடிவு, உள்மடியை மூடுவது. வலை கூடாது, கூடு கூடாது. எல்லையில் மிதவை கட்டி, முறைவைத்துக் காவல் போவது. மீன் பெருகிய பிறகு திறந்து, பெரிய கண்ணி வலையால் அளவாகப் பிடித்துக்கொள்வது. துறையும் ஒத்துக்கொண்டது. அதைக் கேட்டதும் நண்டுக்காரர் மறுநாளே தன் கூடுகளையெல்லாம் அவிழ்த்துப் படகில் ஏற்றினார். இனி அவர் வெளிக்குடாவின் பாறைப் பக்கம் போக வேண்டும். தூரம் அதிகம், நண்டு குறைவு. "உனக்குச் சம்மதம்தானே?" என்று அவள் கேட்டாள். "சரி" என்றார்.

தம்பி அப்படி இல்லை. "மூடுறதா? யார் வீட்டுக் கதவை யார் மூடுறது?" என்று வாசலில் நின்று கத்தினான். அவள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒரு காலையில் காவல் படகில் போனபோது உள்மடிக்குள் ஒரு வலை கிடந்தது. அதன் மேல்கயிற்றில் கட்டியிருந்த நீலத் துணியைப் பார்த்ததுமே யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூட வந்தவர்கள் தெரியாத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் மட்டும் அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் அன்றோடு அந்த விதி செத்திருக்கும். குனிந்து, தானே கயிற்றைப் பிடித்து இழுத்து, வலையைப் படகில் போட்டு, துறையின் கிடங்கில் ஒப்படைத்தாள்.

தம்பி கொட்டகைக்கு வந்தான். "நீ எனக்கு அக்காவா, இல்ல அவங்களுக்கு வேலைக்காரியா?"

 ஐஸக்கா பதில் சொல்லாமல் நின்றதை அந்தக் கரை அன்றுதான் முதல்முறை பார்த்தது. அதற்குப் பிறகு அவன் வெளியூரிலிருந்து ஐஸ் ஏற்றி வந்தான். அக்கா வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

வருஷங்கள் போயின. முதலில் நண்டு வந்தது. பிறகு வெளிக்குடாவில் கொடுவா மீன் பிடிபட ஆரம்பித்தது. நல்ல கனத்த மீன்கள். உள்மடியிலிருந்து பெருகி வெளியே வருகிறவை என்று எல்லாருக்கும் புரிந்தது. காவலுக்கு ஆள் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஒருநாள் தம்பியின் பெண்டாட்டி ஒரு பெரிய கொடுவாவைக் கொண்டுவந்து கொட்டகைப் பலகையில் வைத்துவிட்டு, "அவர்தான் குடுத்துட்டு வரச் சொன்னாரு. நான் எதுவும் பேசக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுவாரம் அவனே பெட்டியோடு வந்தான். "எவ்வளவு ஐஸ் வேணும்?" என்று இவள் கேட்டாள். "பெட்டி நிறைய" என்றான். அதற்கு மேல் பழைய கதையை யாரும் எடுக்கவில்லை. காவல் முறையிலும் அவன் தன் பேரைச் சேர்த்துக்கொண்டான்.

இதற்கிடையில் மேடம் அவளுக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டிருந்தாள். பேருக்கு மேடம், பேச்சுக்கு நீ. ஆய்வுக்கு வந்தால் கொட்டகையில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடிப்பாள். மேலதிகாரி திட்டியதைச் சொல்லுவாள். ஊரில் அம்மா கல்யாணத்துக்கு அவசரப்படுத்துவதைச் சொல்லுவாள். நண்டுக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றபோது தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நாள் முழுக்க ஐஸக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் கூடப் பிறந்தவகூட இப்படி இருந்திருக்க மாட்டா" என்று ஐஸக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அந்த ஆபரேஷனுக்குச் சில மாதம் முன்பு நகரத்தில் பெரிய மாநாடு ஒன்று நடந்தது. பல கரைகளிலிருந்தும் குழுக்காரர்கள் வந்திருந்தார்கள். உள்மடியைப் பற்றிப் பேச மேடம் அவளைத்தான் மேடையில் ஏற்றினாள். ஐஸக்கா மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தாள். பிறகு அது தன் இயந்திரத்தைவிடச் சத்தம் குறைவுதான் என்று தெரிந்ததும் வெளுத்து வாங்கினாள்.

"உள்மடிக்குள்ள ஒரு வலைகூட விழலை. ஒரு கூடுகூட இறங்கலை. எங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கறதில்லை!"

கைத்தட்டல் அடங்க நேரமானது. துறைக்காரர்கள் படம்பிடித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மேடம், "அசத்திட்டீங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் ஐஸக்காவும் தம்பியும் காவலுக்குப் போயிருந்தார்கள். உள்மடியின் நடுவில் ஒரு வெள்ளைப் படகு நின்றது. அதிலிருந்தவர்கள் ஆரஞ்சு நிற மிதவைகளைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, நம்ம மிதவை எல்லாம் இத்துப்போச்சுன்னு போன மாசம்தான் அவகிட்ட சொன்னேன். புதுசு அனுப்பிட்டா" என்று ஐஸக்கா பூரித்துப்போனாள். படகைப் பக்கத்தில் விடச் சொல்லி, ஃபிளாஸ்கிலிருந்து அவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

அதில் ஒருவர், நில அளவைக்காரர், டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "அருமையான இடம்மா. அலை இல்ல. தண்ணி சுத்தம். எல்லாத்துக்கும் மேல, இங்க மீன்பிடியே கிடையாதுன்னு சொன்னாங்க. கூண்டு போட இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்?"

"என்ன கூண்டு?"

"மீன் வளர்க்கற கூண்டுதான். கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் இன்னும் ஃபிளாஸ்கின் மூடியைக் கையில் வைத்திருந்தாள்.

மேடத்துக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. உடுத்திய ஈரச் சேலையோடு பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போய், வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே இருக்கிறாள் என்பது தெரிந்தது. அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான் மேடம் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?" என்று ஐஸக்கா கேட்டாள்.

"நான் முடிவெடுக்கலைக்கா. மேல இருந்து வந்தது."

"நான் அதைக் கேக்கலை. எப்பலேருந்து தெரியும்?"

"மழைக்கு முன்னாடியே."

 மழைக்கு முன்னாலிருந்து என்னென்ன நடந்தது என்று ஐஸக்கா மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். "அப்ப ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, அன்னைக்கு?"

மேடம் தரையைப் பார்த்தாள். "அன்னைக்கும் தெரியும்க்கா. சொல்லணும்னுதான் வந்தேன். சொல்ல வாய் வரலை."

"அத்தனை நேரம் இருந்தியே."

 உள்ளேயிருந்து யாரோ மேடத்தைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

கரையே கொதித்தது. துறையின் மேலதிகாரி ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். குளிரூட்டிய அறை, நீள மேஜை. மேலதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுக்கச் சொன்னார். "நீங்க மீன் பிடிக்கற இடத்தை நாங்க தொடவே இல்லை. யாரும் பயன்படுத்தாத இடத்தைத்தான் கொடுத்திருக்கோம். இதை நாங்க சொல்லலை. உங்க தலைவியே சொல்லியிருக்காங்க" என்றார்.

சுவரில் படம் ஓடியது. மேடையில் ஐஸக்கா, கையை வீசிக்கொண்டு. யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. கைத்தட்டல்.

அவள் எழுந்து நின்றாள்.  "ஐயா, நாங்க வேண்டாம்னு விட்ட இடம் இல்ல அது. பெருகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தோம். உங்க குழுவுல உக்காந்து, நீங்க சொல்லித்தான் காத்துக்கிட்டு இருந்தோம்."

"உங்க உணர்வு புரியுதும்மா. ஆனா காத்திருக்கறது ஒரு பயன்பாடுன்னு விதியில எங்கயும் இல்லையே."

மேடம் மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்து பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வேனில் ஐஸக்காவின் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. நிற்க இடமில்லாமல் நின்றவர்கள்கூட அதில் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "ஐஸ் உடைச்சுக்கிட்டு இருந்தவளை மேடையில ஏத்துனோம்ல, நமக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்றது. நண்டுக்காரர் முன்னாலிருந்து எழுந்து வந்து அந்தக் காலி இருக்கையில் உட்கார்ந்தார். 

மறுநாள் தம்பி கொட்டகைக்கு வந்தான். கூடவே படகுக்காரர்கள் பலர்.

"அக்கா, ஒரே வழிதான் இருக்கு. எல்லாரும் உள்ளே இறங்கி வலை போடறோம். மீன்பிடி நடக்கற இடம்தான்னு காட்டுவோம். அப்புறம் எப்படிக் குடுப்பாங்க?"

"இப்பவா?" என்றாள். "எல்லாம் சினையோட இருக்கற நேரம்டா."

"நாம விட்டா கம்பெனிக்காரன் மட்டும் அதைத் தாலாட்டித் தூங்க வைப்பானா?"

யாரோ, "அக்கா சொல்லட்டும்" என்றார். இன்னொருவர், "இன்னுமா?" என்றார். ஆனாலும் எல்லாரும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேண்டாமென்று சொல்லியிருந்தால் பாதிப் பேராவது நின்றிருப்பார்கள். அவள், கொட்டகை ஓரமாக நின்றிருந்த புருஷனைப் பார்த்தாள். "போறவங்களை நான் தடுக்கல. நான் வரல" என்றார் அவர். அவர் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போலச் சொல்வது அபூர்வம்.

ஐஸக்கா கண்ணை மூடித் திறந்தாள். "போங்க" என்றாள்.

விடியற்காலையில் எல்லாப் படகுகளும் உள்மடிக்குள் நுழைந்தன. அப்படி ஒரு மீன்பாட்டை அந்தக் கரை பார்த்ததில்லை. வயிறு புடைத்த கொடுவாக்கள். அடிவயிற்றில் ஆரஞ்சுப் பஞ்சு போல முட்டை சுமந்த நண்டுகள், வலையில் சிக்கி, கொத்துக் கொத்தாக. ஏலக்கூடத்தில் இடம் போதாமல் வெளியே சிமெண்ட் தரையில் கொட்டினார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. ஏலக்காரர் குரல் மட்டும் கேட்டது. ஐஸக்கா ஓயாமல் ஐஸ் உடைத்தாள், ஒருவரிடமும் வேடிக்கை பேசவில்லை. ஒரு பெட்டியில் மேலாகக் கிடந்த நண்டு இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் ஐஸைக் கொட்டும்போது அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கொட்டினாள்.

பெட்டிகள் லாரியில் ஏறுவதற்குள் துறையின் ஜீப்புகள் வந்துவிட்டன. போலீஸும் வந்தது. மூடிய பகுதிக்குள் மீன் பிடித்தது குற்றம், வலைகளைப் பறிமுதல் செய்கிறோம் என்றார்கள்.

"மூடினது நாங்கய்யா!" என்று தம்பி கத்தினான். "நாங்க மூடின இடம். நாங்க போட்ட விதி!"

"குழு போட்ட விதி. விதி விதிதான்" என்றார் வந்தவர். "நீங்களே உடன்பாட்டை மீறிட்டீங்க. அதனால குழுவும் இனிமே இல்ல."

பிடிக்காமல் இருந்தபோது அது யாருக்கும் வேண்டாத இடம். பிடித்ததும் அது தடை செய்யப்பட்ட இடம். இரண்டுக்கும் நடுவில் இவர்கள் நிற்பதற்கு ஒரு சாண் தரை விடவில்லை. வலைகளைச் சுருட்டி ஏற்றுவதை மேற்பார்வை பார்த்தது மேடம். தம்பியின் வலை ஏறியபோது அவள் தலை நிமிர்ந்தது. கொட்டகை வாசலில் ஐஸக்கா நிற்பதைப் பார்த்தாள். உடனே திரும்பிக்கொண்டு, வண்டியின் கதவை மூடச் சொன்னாள்.

அதற்குப் பிறகு கரையில் யார் யாரைத் திட்டவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். "அவ போங்கன்னு சொல்லித்தானே போனோம்" என்று ஒருவர் ஏலக்கூடத்தில் ஆரம்பித்தபோது, தம்பி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "அவ சொல்லி யாரும் போகலை. நான் சொன்னேன், அவ தலையாட்டினா. திட்டணும்னா என்னைத் திட்டு." விலக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

கூண்டுகள் வந்தன. வட்ட வட்டமாக, மேலே வலை மூடி, சுற்றிலும் காவல் படகு. படகுக்காரர்கள் மேல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போனது. தம்பி வலையில்லாமல் கொஞ்ச காலம் கூலிக்கு அடுத்தவர் படகில் போனான், பிறகு குடும்பத்தோடு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டான். நண்டுக்காரர் பாறைப் பக்கத்திலேயே கூடு வைத்துக்கொண்டிருந்தார். அங்கேயும் நண்டு குறைந்தது. கம்பெனிக்காரர்கள் ஐஸ் கேட்டு வந்தபோது, இயந்திரம் ரிப்பேர் என்றாள் ஐஸக்கா. இயந்திரம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

மேடத்துக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன்பு கொட்டகைக்கு வந்தாள். உட்காரவில்லை. "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை என்று ஐஸக்காவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"பசியோட வந்தா சோறு போடுவேன். எப்ப வேணா வா" என்றாள். "மன்னிப்பெல்லாம் கேக்காத. அது என்கிட்ட இல்ல."

மேடம் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஐஸக்கா அடுத்த பெட்டியை இழுத்து வைத்து ஐஸ் அள்ள ஆரம்பித்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து வேறொரு கரையிலிருந்து நாலைந்து பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊரிலும் துறை கூட்டுக்குழு அமைக்கிறதாம். ஓர் ஓடையின் வாயை மூடலாம் என்று பேச்சாம். "எல்லாரும் உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. மூடலாமா, வேண்டாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யறோம்" என்றார்கள்.

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவள் அவள். அவர்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். டீ வந்தது, குடித்தும் முடித்தார்கள்.  மூடாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உள்மடியில் நண்டு திரும்பி வந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். மூடு என்றும் வரவில்லை.

"மீன் பெருகும்" என்றாள் கடைசியில். "அது பொய் இல்ல. மத்தது எனக்குத் தெரியாதும்மா."

அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தூரம் வந்ததற்கு இதுதானா என்று அவர்கள் நினைத்திருக்கலாம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார்கள். அவள் வாசல்வரை வந்து, எந்தப் பக்கம் போனால் பஸ் நிறுத்தம் என்று கை நீட்டிக் காட்டினாள்.